பூச்சி மருந்து

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு என்ன, நோகாமல் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தாயில்லாத பெண் ஒருத்தி, அவளைப் படுத்தியெடுக்க ஒரு சித்தி. அடி, பட்டினி, பழிச்சொல் எது வந்தாலும் அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள். திறக்காததாலேயே வாரா வாரம் உயர்ந்துகொண்டு போவாள். ஐம்பத்தைந்தாம் ஆண்டில், இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், இப்படி ஒரு கதை, தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தையே பிடித்து ஆட்டி வைத்தது.

அதை வாசித்துக் காட்டியவள் பேச்சாயி. வயது பதினைந்து. லயத்துப் பெண்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவின் மனைவி சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரி. அவர் படித்து முடித்த மெட்ராஸ் பத்திரிகைகள், வீடு கூட்டப் போகும் பேச்சாயியின் கைக்கு வரும். ஞாயிறு மத்தியானம் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி, ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். கதாநாயகி சுலோசனா அழுதால் லயமே மூக்கைச் சிந்தும். எல்லாரையும் விடப் பெரிய அழுகை இராக்கம்மாவுடையது. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு அவள்தான் ஆயா. அந்த லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கையில்தான் பிறந்து விழுந்தவர்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் கருப்பம்மாவும் உட்கார்ந்திருப்பாள். பேச்சாயியின் தாய் செத்து வருஷம் திரும்புவதற்குள், அப்பன் மாடசாமி எல்ல என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த இரண்டாம் தாரம். அந்தத் தோட்டத்தில் அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவளைத் தங்கம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விறகுக் கட்டை கைக்கு எட்டினால் அதாலேயே போடுவாள். ஐந்தாம் வகுப்போடு பேச்சாயியை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இழுத்துப்போய்ப் பேர் பதிய வைத்தவளும் அவளே.

"படிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலருந்து கூடையைத் தூக்கு" என்றாள். மாடசாமி வெற்றிலையை மென்றுகொண்டு சுவரைப் பார்த்தான். அடித்ததை மன்னித்தாலும் மன்னிப்பாள், பள்ளிக்கூடத்தை நிறுத்தியதைப் பேச்சாயி மன்னிக்கவேயில்லை.

ஒரு நாள் பேச்சாயிக்கு வயிறு கல்லாக வீங்கிப்போயிற்று. கருப்பம்மா டிஸ்பென்சரிக்கு நடந்துபோய், வயிற்றுப் பூச்சியை வெளியேற்றும் பூச்சி மருந்து வாங்கிவந்தாள். கொடுத்தால் இந்தப் பெண் குடிக்கவா போகிறாள்? சொல்லாமல் கொள்ளாமல் தேத்தண்ணியில் கலந்து, கருப்பட்டியைக் கடிக்கக் கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டாள். அன்று பகல் முழுக்கப் பேச்சாயி ஓடிய ஓட்டத்தை லயமே பார்த்தது.

"பூச்சி மருந்துடி! ஒன் நல்லதுக்குத்தான் வாங்கியாந்தா" என்று மாடசாமி சிரித்தான். ஆகவே பேச்சாயிக்குத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று பிறகு யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம்.

அந்த ஞாயிறு, கதையில் சித்தி சுலோசனாவின் கூந்தலைப் பிடித்து இழுத்ததோடு சரி. பேச்சாயி அதோடு நிறுத்தவில்லை. கண் தாளில் இருந்தது, வாய் தன் பாட்டுக்கு வாசித்தது: "சித்தி யாருக்கும் தெரியாமல் தேநீரில் மருந்து வைத்து அவளிடம் நீட்டினாள்." பூச்சி என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டாள்.

மருந்து வைப்பது என்றால் அந்த லயத்தில் ஒரே அர்த்தம்தான். மந்திரக்காரனிடம் வாங்கிச் சோற்றில் கலந்து, ஆளை அணுஅணுவாகக் கொல்வது.

"அடிப் பாவி மகளே! மருந்தா வச்சா?" என்று நெஞ்சில் கை வைத்தாள் இராக்கம்மா. எல்லாக் கண்களும் மெல்லக் கருப்பம்மா பக்கம் திரும்பின. பேச்சாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதை யார் மறந்தார்கள்? முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

பேச்சாயிக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், வெல்லமாக இனித்தது. அடுத்தடுத்த வாரங்களில் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து வாசித்தாள். கருப்பம்மா திங்களன்று செய்ததைக் கதைச் சித்தி ஞாயிறன்று செய்தாள். லயத்தில் கருப்பம்மாவிடம் நெருப்புக்கூட வாங்க ஆளில்லாமல் போயிற்று. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவள் குடம் வைத்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் குடத்தை வைத்தார்கள். அப்போது அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். என்ன வீம்போ, ஞாயிறு தவறாமல் வந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு கேட்டாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு முற்பகல், பெண்கள் எல்லாரும் மலையில் இருந்தபோது, அவளுக்கு வலி கண்டது. காய்ச்சல் என்று அன்று பேச்சாயி மட்டும் வீட்டுக் காம்பராவில் இருந்தாள். கருப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஓடு புள்ள, இராக்கம்மாவக் கூட்டியா" என்றாள். கெஞ்சி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பேச்சாயி பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினாள்.

"நான் வரமாட்டேன்டி" என்றாள் இராக்கம்மா, மடியில் ஒரு குழந்தையோடு. "மருந்து வைக்கிறவ வீட்ட மிதிச்சிட்டு வந்து இந்தப் பச்ச மண்ணுகளத் தொடவா?"

"ஆயா, அது பூச்சி மருந்து! டிஸ்பென்சரில குடுத்தது. கதையில அப்புடி ஒண்ணுமே இல்ல, நானா சேத்து வாசிச்சேன். வாங்க ஆயா, ஒங்க கால்ல விழறேன்!"

சொன்னதோடு ஈரத்தரையில் விழுந்தும்விட்டாள். இராக்கம்மாவின் கண்கள் நிறைந்தன. குனிந்து அவள் தலையைத் தடவினாள்.

"சுலோசனா மாதிரியே பேசுறியே, எங்கண்ணு! அவளுந்தான சித்தியக் காட்டிக் குடுக்காம, பழியத் தன் தலையில போட்டுக்கிட்டா? போன வாரந்தான நீயே வாசிச்ச. ஒனக்கு எம்புட்டு நல்ல மனசுடி!"

பேச்சாயி கத்தினாள், சத்தியம் செய்தாள். செய்யச் செய்ய இராக்கம்மா அதிகமாக அழுதாளே தவிர எழுந்திருக்கவில்லை. பேச்சாயி மழையில் டிஸ்பென்சரிவரை ஓடி, மருத்துவச்சியை அழைத்துவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பழகிய கை ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் எடுத்துவிட்டிருக்கலாம் என்றாள் மருத்துவச்சி. மாடசாமி பிள்ளையைத் துணியில் சுற்றித் தேயிலைக்கு நடுவே கொண்டுபோய்ப் புதைத்தான்.

அடுத்த ஞாயிறும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கருப்பம்மாவும் வந்தாள், பால் கட்டி நனைந்த ரவிக்கையோடு.

"படிடி" என்றாள். "இந்த வாரம் நான் என்ன செஞ்சேன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன். மெட்ராசுல ஒக்காந்திருக்கவன் எங்கூட்டுத் தேத்தண்ணிய எப்புடிடி பாத்தான்? அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நான் சொன்னா எவ நம்புவா? நீயா நிறுத்துவன்னு இருந்தேன்."

பேச்சாயி பத்திரிகையை மூடிவிட்டு, நடந்ததைப் பத்துப் பேர் முன்னால் மறுபடி சொன்னாள். பத்துப் பேரும் உச்சுக் கொட்டினார்கள். பிள்ளையை மிரட்டிச் சொல்ல வைக்கிறாளே சண்டாளி என்று ஒருத்தி காறித் துப்பினாள். கருப்பம்மா எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு அவள் கதை கேட்க வரவில்லை. பேச்சாயி தினமும் இஸ்தோப்பில் எல்லாரும் பார்க்க, சின்னாத்தா கருப்பம்மா கையால் வாங்கித் தின்றாள். லயம் அதையும் பொறுமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

நாலு வருஷம் கழித்துப் பதுளைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கருப்பம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை. யாரோ முன்கூட்டியே காதில் போட்டிருந்தார்கள். பேச்சாயி அவர்கள் முன்னாலேயே ஒரு கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"பாத்தீங்களா எங்க புள்ளயோட பொறுமைய?" என்றாள் இராக்கம்மா. பரிசம் அன்றே முடிவாயிற்று.

புறப்படும் நாளில் கருப்பம்மா அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்தாள்.

"அந்தக் கதையில வந்த புள்ளைக்கு என்னாச்சு கடேசில?"

"கல்யாணம் ஆயிருச்சு சின்னாத்தா."

"அந்தச் சித்தி?"

பேச்சாயி தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அவளப் பத்தி ஒண்ணும் எழுதல."

"எழுத மாட்டாங்க" என்றாள் கருப்பம்மா, பின்னலை இறுக்கி முடிந்தபடி.