பிசின் ஒட்டிய கவர்

மகளின் ஹாஸ்டல் விண்ணப்பத்தில் போட்டோ ஒட்ட க்ளூ ஸ்டிக்கைத் திருகினேன். வெள்ளைப் பசை மேலே வந்ததும் அந்தப் பழைய சோப்பு வாசனை அடித்தது.

அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். கந்தர்வக்கோட்டை பக்கம் எங்கள் ஊரிலிருந்து அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். கவரை ஒட்டுவது என் வேலை. நாலு சோற்றுப் பருக்கையை மடிப்பில் வைத்து நசுக்கித் தேய்ப்பேன்.

மழை பொய்த்த வருஷம் ஒருநாள், "இங்க ஒரு குறையும் இல்லைங்க" என்று எழுதினாள். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. முந்திரி மரத்தில் வடிந்திருந்த பிசினை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினேன்.

அப்பாவின் பதிலில் முதல் வரியே இதுதான்: "கவர்ல சோத்தைக் காணோம், பிசின்தான் இருக்கு. வீட்ல ஒலை வைக்கலியா?"

"ஒனக்கு ஒட்டுறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியாடி?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த லீவில் அப்பா எனக்கு சோப்பு வாசனை அடிக்கும் க்ளூ ஸ்டிக் ஒன்று கொண்டுவந்தார். அம்மா திருகிப் பார்த்து, "உதட்டுச் சாயமா? இதை எங்கிட்டுப் போட்டுக்கிட்டுப் போறது?" என்றாள். பசை என்று தெரிந்ததும் பிடுங்கித் தன் பெட்டியில் பூட்டிக்கொண்டாள். அதன்பிறகு எல்லாக் கவரையும் அவளேதான் ஒட்டினாள். ஒரு குறையும் இல்லை என்று அவள் எழுதியதை அப்பா அப்படியே நம்பினார்.

போட்டோவை அழுத்திவிட்டு மகளிடம், "அங்க சாப்பாடு சரியில்லைன்னா சொல்லிரணும்" என்றேன்.

"சொல்றேம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.