தேன்கூட்டு அக்கா பாடிய திருவிழா

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பரிமளாவைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவருடைய குழாய் ஸ்பீக்கரைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. காதுகுத்து, கல்யாணம், கோயில் விசேஷம் எதுவானாலும் மைக்செட் அவருடையதுதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே பலாமரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவார். கணவர் சின்னையன் கீழே நின்று, "பாத்துடி, பாத்துடி" என்று கத்துவார். மலையிலேயே பிறந்து வளர்ந்தும் அவருக்கு உயரம் ஆகாது.

பரிமளாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அந்தக் காலத்தில் பாடிவைத்த சோல், ஃபங்க் இசைத்தட்டுகள். அடிவாரத்தில் பழைய சாமான் கடை நடத்தும் அமீர் பாஷாவிடம் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனபோது, ஓர் அட்டைப்பெட்டி நிறையத் தட்டுகளும், அவற்றைச் சுழற்றும் மெஷினும் மூலையில் கிடந்தன. "இதையும் தூக்கிட்டுப் போம்மா, கடையில கால் வைக்க எடமில்ல" என்று சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

பரிமளாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தட்டின் அட்டைப் படத்தைப் பார்த்துப் பாடகர்களுக்கு அவரே பெயர் வைத்துவிட்டார். ஒருவர் மயில்சட்டைக்காரர். ஒருவர் கண்ணாடி மாமா. தலைமுடி மலைத்தேனீக் கூடு போல உருண்டு நிற்கும் பாடகி, தேன்கூட்டு அக்கா.

"பாட்டுப் புரியுதாக்கா?" என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும்.

"வார்த்தை எதுக்கு கண்ணு? பேஸ் கிடாரு நடக்கறதக் கேளு. இடுப்புல கொடத்த வச்சுட்டு மேடேறுற மாதிரி நடக்குது. மொத அடியில அழுத்தி மிதிச்சுட்டு, அப்புறம் அடுத்த அடிக்கு முன்னாடி ஒரு சந்து விடுது பாரு, அங்கதான் உசுரே இருக்கு."

எல்லா விசேஷத்திலும், பந்தி தொடங்கியதும், பக்திப் பாட்டுக்கு நடுவே ஒரு தட்டை நைசாக நுழைத்துவிடுவார். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படிக் குண்டூர் நாட்டில் நடந்த கல்யாணம் ஒன்றில் மயில்சட்டைக்காரரின் தாளத்துக்கு ஏற்றபடி ஆட்கள் வேகவேகமாக அள்ளிச் சாப்பிட்டதில், அடுத்த பந்திக்குச் சாம்பார் இல்லாமல் போனது. சமையல்காரர் கரண்டியோடு மைக்செட்டைத் தேடி வந்தார்.

இந்தச் சேட்டை பிடிக்காத ஆள், வாழவந்தி நாட்டு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா அப்பாசாமி. திருவிழாவுக்கு முந்தைய நாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பரிமளா, அந்த அலறல் தட்டு என் காதுல கேட்டுச்சு, அடுத்த வருசம் கீழூர் வேல்முருகன் செட்டுதான். ஆளு ஒசரத்துக்கு பாக்ஸ் வச்சிருக்கான்."

"தொடவே மாட்டனுங்க."

இந்தக் கோயில் போனால் மற்ற கோயில்களும் வேல்முருகன் பக்கம் போய்விடும். பிழைப்பே போய்விடும். அது பரிமளாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒயர் கூடையின் அடியில் தேன்கூட்டு அக்காவை வைத்துக்கொண்டுதான் போனார்.

திருவிழா அன்று உச்சிப் பூஜை முடிந்தது. மேளம் அடிக்கும் பம்பைக்காரர்கள் ஓடைப் பக்கம் சாப்பிடப் போனார்கள். அப்பாசாமியும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். பந்தியில் இலை விழுந்தது. பரிமளாவுக்குக் கை அரித்தது. ஒரே ஒரு பாட்டுத்தானே? தேன்கூட்டு அக்காவைச் சுழலவிட்டார்.

அந்தப் பாட்டின் நடுவில் அக்கா பாட்டை நிறுத்திவிடுவார். டிரம்மும் பேஸும் மட்டும் நெடுநேரம் ஓடும். சரியாக அந்த இடத்தில், கை கழுவின ஈரத்தோடு அப்பாசாமி ஓடி வந்தார்.

"நிறுத்துடி! நிறுத்துன்னு சொல்றேன்! நிறு..."

சொல் பாதியில் நின்றது. தோள் ஒருமுறை குலுங்கியது. குதிகால் தானாக அந்த முதல் அடியில் இறங்கியது. அடுத்த நொடி துண்டு பறந்தது. அப்பாசாமிக்கு அருள் வந்துவிட்டது.

பூசாரி மாரி திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்தார். "பரிமளா, அடிய நிறுத்திறாத!"

சாமி மலையேறும்வரை மேளம் நிற்கக் கூடாது. நின்றால் ஊருக்கு ஆகாது. சின்னையன் பம்பைக்காரர்களைக் கூப்பிட ஓடைக்கு ஓடினார். இசைத்தட்டிலோ டிரம் முடியப் போகிறது. பரிமளா மைக்கைப் பிடித்தார்.

"தாயிங்களா, கொலவை போடுங்க!"

பந்தியில் இருந்த பெண்கள் எச்சில் கையோடு எழுந்து குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் பரிமளா இசைத்தட்டின் முள்ளைத் தூக்கி, டிரம் தொடங்கும் இடத்தில் மறுபடி வைத்தார். டிரம் முடிய வரும்போதெல்லாம் ஒரு குலவை, முள் பின்னால் போகும். அப்பாசாமி ஓர் அடிகூடத் தப்பாமல் ஆடினார்.

"ஆத்தா, உனக்கு ஏதாச்சும் கொறை உண்டா?" என்று மாரி கேட்டார்.

"ஒரு கொறையுமில்லடா. மேளம் நல்லாருக்குது. வருசா வருசம் எனக்கு இந்த மேளம் வேணும்!"

மாரி திருதிருவென்று ஸ்பீக்கரைப் பார்த்தார். "குடுக்குறோம் தாயே" என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கற்பூரம் காட்டியதும் சாமி மலையேறியது. பரிமளா முள்ளை அதன் போக்கில் விட்டார். தேன்கூட்டு அக்காவின் கடைசி அலறல் மலைச்சரிவு முழுக்க எதிரொலித்து அடங்கியது.

தண்ணீர் குடித்துவிட்டு அப்பாசாமி கேட்டார். "பம்பைக்காரனுங்க எங்க?"

"இன்னும் வரலீங்க."

"அப்ப அடிச்சது யாரு?"

பரிமளா தேன்கூட்டு அக்காவின் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அப்பாசாமி அட்டையை உற்றுப் பார்த்தார்.

"ஆத்தா என்ன கேட்டா?"

மாரி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அப்போதுதான் சின்னையனும் பம்பைக்காரர்களும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மூத்த பம்பைக்காரர் தனபால் நேராகப் பரிமளாவிடம் போனார். "ஏனுங்க, வர்ற வழியெல்லாம் கேட்டுட்டே வந்தேன். அந்தச் சந்து விடுற எடத்த இன்னொருக்கா போடுங்க, கையில வாங்கிக்கறேன்."

எல்லோரும் அப்பாசாமியைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். தனக்கு ஒன்றுமே தெரியாதது போலக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போடு, போடு. கொஞ்சம் சத்தமா வை. எனக்குச் சரியாவே கேக்கல."