கில்ட்டும் கூறைச் சேலையும் ஒரே அலமாரியில்

அந்துப்பூச்சி துணியைத் தின்னும் என்று ஊர் உலகம் முழுக்க நம்புகிறது. இது ஓர் அப்பாவி ஜீவன்மேல் சுமத்தப்பட்ட அவதூறு. இதைத் தீர்த்துவைக்காமல் மேலே எழுத என் மனசாட்சி இடம் தராது. வீட்டுக்குள் தத்தித் தத்திப் பறக்கும், நாம் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே நசுக்கும் அந்த வெளிறிய பூச்சியால் எதையும் சாப்பிட முடியாது. கல்யாணம், முட்டை, மரணம், அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. தின்பது அதன் புழு. பூச்சியை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவரின் அலமாரியில் புழு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாததால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. சிட்னியின் மேற்குப் பக்கத்தில், கில்ட் தைத்தும் வாடகைக்குக் கொடுத்தும் பழுதுபார்த்தும் பிழைக்கும் ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும் கட்டம்போட்ட கம்பளி உடை. சேலையைவிட நீளமான துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கித் தைத்தது. அதைப் பாவாடை என்பவர்களை எங்கள் முதலாளியம்மா மோய்ரா மன்னித்துவிடுவார், திருத்திய பிறகு. மாணவனாக வந்த காலத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். படித்தது கணக்கியல், நிலைத்தது கம்பளி. வீட்டில் பட்டோ கம்பளியோ வைத்துக்கொண்டு பாடுபடும் சக துன்பவாசிகளுக்காக, ஒரே ஒரு கில்ட் பட்ட பாட்டைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

கைமாறியது

அலெக்கும் நேசனும் ஒரே பைப் பேண்டில், அதாவது ஸ்காட்லாந்து வாத்தியக் குழுவில், பக்கத்துப் பக்கத்தில் நடந்தவர்கள். அலெக் பேக்பைப் ஊதுவார். யாழ்ப்பாணத்துக்காரரான நேசன் டிரம் அடிப்பார். வார நாளில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர். அலெக்கின் முழங்கால் ஒருநாள் இனி அணிவகுப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது. அவருடைய கில்ட் பழைய காலத்துக் கனத்துணி, இப்போது தேடினாலும் கிடைக்காது. பேண்டில் அந்த இடுப்பளவு நேசனுக்கு மட்டுமே இருந்தது. வார்ப்பட்டையை மாற்றித் தைக்க இருவரும் எங்கள் கடைக்கு வந்தார்கள்.

மேசைமேல் அதை விரித்தபோது நான் பேச்சை நிறுத்தினேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை. பின்பக்க மடிப்புகள் ஒவ்வொன்றிலும் கட்டம் பிசகாமல் பொருந்தி, மடித்த துணியா முழுத் துணியா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. அலெக் நிபந்தனைகளை அடுக்கினார். உட்காரும் முன் பின்மடிப்பை நீவி உட்கார வேண்டும். முன்பக்க ஊசியைக் குத்தியபடி மாட்டி வைக்கக் கூடாது, துருப்பிடிக்கும். ஈரமாக உள்ளே வைக்கக் கூடாது. அதன் அருகே புகைபிடிக்கவே கூடாது. நேசன் பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தலையாட்டினார். அலெக் முடித்தார்: "என் கையில் இருந்தவரை இதில் ஒரு நூல்கூடப் போனதில்லை. இனி உன் பொறுப்பு."

காலுறை

பேண்ட் வெளியூருக்குப் போகும்போது கில்ட்டைப் பெட்டியில் மடித்து வைத்தால் மடிப்பு கெடும். அதை நீளவாக்கில் உருளையாகச் சுருட்டி, பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறையின் ஒரு காலுக்குள் நுழைத்துவிட்டால் எத்தனை மைல் போனாலும் குலையாது. கட்டுப்படியான விலை, காற்றோட்டம், இறுக்கம் மூன்றும் ஒரே பொருளில். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம். எந்தக் கோலத்தில் வைப்பது என்பதுதான் சிக்கல்.

நேசனின் மனைவி வாசுகி காலுறை அணிவதில்லை. நேசன் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனார். ஆறடி உயரம், அடர்ந்த மீசை. கவுண்டரில் இருந்த பெண் பொட்டலத்தைப் பார்த்து, உங்கள் மனைவிக்கு இந்த அளவு சரியாக இருக்குமா என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார். இவர் உண்மை விளம்பியாக, எனக்குத்தான், என்னுடைய கில்ட்டுக்கு என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இவர் கையைத் தட்டிக்கொடுத்து வாழ்த்தினாராம். நேசன் என்னிடம் சொன்னது: "அதுக்குப் பிறகு நான் அந்தக் கடைப்பக்கம் போறேல்லை, அண்ணை."

மாறாத மடிப்பு

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. கில்ட்டை எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்ல ஒரு சனிக்கிழமை போனேன். வீட்டிலேயே நல்ல அலமாரி வாசுகியுடையது. அதில் அவருடைய கல்யாணக் கூறைச் சேலை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி இருந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் கூறைக்குப் பக்கத்தில் கில்ட்டுக்கு ஒரு முழம் இடம் கிடைத்தது. ஸ்போரன், அதாவது கில்ட்டின் முன்னால் தொங்கும் நீள மயிருள்ள ஆட்டுத்தோல் பை, கேட்டுப் பார்த்தும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அது கராஜுக்குப் போனது.

வாசுகி சேலைகளைப் பராமரிக்கும் விதத்தைப் பார்த்து நான் வியந்தேன். அவ்வப்போது வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, ஜரிகை பழைய மடிப்பில் முறிந்துவிடாதபடி மடிப்பை மாற்றி மடித்து வைப்பார். அதே அன்போடு கில்ட்டையும் கையில் எடுத்து மடிப்பை மாற்றத் தொடங்கினார். நான் பாய்ந்து தடுத்தேன். பட்டுக்கு மடிப்பு மாறவேண்டும், கில்ட்டுக்கு மாறவே கூடாது, தைத்த நாளில் விழுந்த மடிப்பு கடைசிவரை அப்படியே நிற்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே விளக்கினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "அப்ப இவருக்கெண்டே தைச்ச உடுப்புத்தான்" என்றார்.

முதல் ஓட்டை

தைப்பூசத்துக்கு நேசன் வழக்கம்போலக் காவடி எடுத்தார். பிரசாதம் கொடுக்கக் கடைக்கு வந்தபோது, காவடியில் கட்டிய மயிலிறகு இந்த முறை கொஞ்சம் மெலிந்து போயிருந்ததாகவும், வயசாகிவிட்டது போலிருக்கிறது என்றும் சொன்னார். நான் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் நேசனிடமிருந்து தொலைபேசி வந்தது. போனேன். கில்ட்டின் முன்பக்கத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, மிளகளவு ஓட்டை. ஓரத்தில் வெள்ளை நூலாம்படைபோல ஒரு சின்னக் குழல். சந்தேகமே இல்லை, புழு. ஏப்ரலில் போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தின அணிவகுப்பு. அலெக் சக்கர நாற்காலியில் வந்து தெருவோரம் இருந்து பார்ப்பார். நேசன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு நூல்கூடப் போகேல்லை எண்டு தந்தவர், அண்ணை. நான் என்னெண்டு அந்த மனுசன்ர முகத்தில முழிக்கிறது?"

வாசுகி அதற்குள் கூறையைப் பிரித்து, முந்தானை முதல் கரைவரை சன்னல் வெளிச்சத்தில் பார்த்து முடித்திருந்தார். ஒரு கீறல் இல்லை. பட்டும் புழுவுக்கு உணவுதான், ஆனால் வியர்வை பட்ட கம்பளி என்றால் அதற்குத் தனிப் பிரியம், ஒருநாள் கட்டிய சேலையை அது இரண்டாம்பட்சமாகத்தான் நினைக்கும் என்று ஆறுதல் சொன்னேன். வாசுகி சேலையை மடித்தபடி கேட்டார்: "அப்ப என்ர கூறை அதுக்கு ருசிக்கேல்லையோ?"

உறைபெட்டி

புழுவையும் முட்டையையும் கொல்ல மருந்து வேண்டாம். துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் குளிர் போகும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். அந்த வீட்டு உறைபெட்டியில் அறக்குளா மீன், தேங்காய்ப்பூ, புட்டுக்கு வறுத்த மா எல்லாம் இருந்தன. அறக்குளாவைத் தள்ளிவிட்டு கில்ட் குடியேறியது.

ஆனால் புழு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் துணியை மட்டும் காப்பாற்றுவது அரைவேலை. கம்பள விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கராஜில் ஸ்போரனைச் சீப்பால் வாரினேன், சுத்தம். கதிரையில் ஏறி அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்தேன். காவடியின் மயிலிறகுகள். நகரத்துக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் நண்பர் வீட்டில் மயில்கள் உதிர்த்ததை நேசன் பல வருடங்களாகப் பொறுக்கிச் சேர்த்தவை. பாதி இறகுகளில் கண் மட்டும் மிச்சம், கீழே வெறும் ஈர்க்கு, நடுவில் அதே வெள்ளைக் குழல்கள். இறகும் கம்பளியும் புழுவுக்கு ஒரே பந்திதான். மேல்மாடியில் சாப்பிட்டவை கீழ்மாடிக்கு இறங்கியிருக்கின்றன.

கீழே இறங்கி, எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன். நேசன் மேற்கூரையைப் பார்த்தார். வாசுகி மெல்லக் கேட்டார்: "முருகனிலயோ பழி போடுறியள்?" முருகன்மேல் இல்லை, மயில்மேலும் இல்லை, அந்துப்பூச்சியின் மேல்கூட இல்லை, புழுவின்மேல் மட்டும் என்றேன். இறகுகளும் உறைபெட்டிக்குப் போனால்தான் பிழைக்கும் என்றேன். வாசுகி எழுந்து குசினிக்குப் போனார். அறக்குளா முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போனது. உறைபெட்டியைக் கழுவித் துடைத்து, மேல்தட்டில் மயிலிறகையும் கீழ்த்தட்டில் கில்ட்டையும் வைத்தார். அதுவரை கில்ட் மட்டும் மீனோடு இருந்ததே என்று நேசன் முறைப்பாடு செய்தார். வாசுகி கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "அது ஆட்டுமயிர் தானே."

இரண்டாம் ஓட்டை

குளிர் ஆறிய கில்ட்டை நேசன் கடைக்குக் கொண்டுவந்தார். மோய்ரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்மடிப்பின் கண்ணுக்குத் தெரியாத ஓரத்திலிருந்து நூல் உருவி, ஓட்டைக்குள் நிறம் நிறமாகப் பின்னத் தொடங்கினார். பச்சை, நீலம், மறுபடி பச்சை, ஒரு இழை மஞ்சள். வயலின் கச்சேரி கேட்பதைப்போல நானும் நேசனும் மூச்சை அடக்கி நின்றோம்.

திடீரென்று அவர் கை நின்றது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, ஸ்போரன் எப்போதும் மறைக்கும் இடத்தில், இன்னொரு தையல். பழையது. தப்பான பச்சை, முறுக்கு நூல், மூட்டை தைப்பதுபோல் இழுத்துக் கட்டிய முடிச்சு. மோய்ரா ஊசிமுனையால் அதைச் சற்றே விலக்கிப் பார்த்தார். உள்ளே கருகிய விளிம்புள்ள ஒரு வட்டம். புழு அல்ல, நெருப்பு. புகைக்குழாயிலிருந்து விழுந்த கங்கு. அலெக் புகைப்பதை விட்டது ஊரறிந்த விஷயம்; எப்போது விட்டார் என்பது இப்போது புரிந்தது.

நேசன் அந்த முடிச்சை விரலால் தொட்டார். அதை அப்படியே விட்டுவிடலாமே, அது அவருடைய தையல் அல்லவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மோய்ராவின் கையில் அடுத்த இழை தயாராக இருந்தது. "நட்பு உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும், இப்படி ஒரு தையல் என் கடையைவிட்டு வெளியே போகாது."

அணிவகுப்பு

காலை வெயிலில் பேண்ட் கடந்தபோது நான் அலெக்கின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவர் டிரம்மைக் கேட்கவில்லை, கில்ட்டைப் பார்த்தார். ஒவ்வோர் அடிக்கும் பின்மடிப்பு விரிந்து, விரிந்த மாதிரியே கூடியது. எத்தனையோ கில்ட் பார்த்தவன் நான். அப்படி ஒன்று நடந்துபோவதைப் பார்ப்பது வேறு.

எல்லாம் முடிந்து நேசன் வந்து முன்னால் நின்றார். நல்ல வெயில், ஆனாலும் அவர் முகம் வேறு காரணத்துக்காக வியர்த்திருந்தது. அலெக் கைத்தடியின் வளைவால் ஸ்போரனைப் பக்கவாட்டில் தள்ளினார். குனிந்தார். கண்ணாடியை மாற்றினார். மறுபடி குனிந்தார். "என் ஓட்டையைக் காணோமே" என்றார்.

மோய்ரா சரிசெய்துவிட்டார் என்றார் நேசன். பிறகு ஒரே மூச்சில், அதற்குப் பக்கத்தில் தன்னுடையதும் ஒன்று இருந்தது என்றும் சொன்னார். அலெக் விரலால் தடவித் தேடினார். இடதுபக்கம், வலதுபக்கம், மேலே, கீழே. கிடைக்கவில்லை. ஸ்போரனை நேராக்கி, அதன் மயிரையும் நீவிவிட்டார்.

"நான் சொன்னேனே," என்றார், "இதில் ஒரு நூல்கூடப் போனதில்லை."

கில்ட்டும் கூறையும் இன்றும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. அடுத்த தைப்பூசம் முடிந்து, மயிலிறகு உறைபெட்டியில் இருந்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் யாரும் மீன் சமைக்கவில்லை.