அக்கா தூங்காத பாட்டு

அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். கதவுக்குப் பின்னால் பியானோ. கதவு பாதிதான் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பருத்த உடம்பு, அதனால் அவர் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். கணவர் முதல் வருஷம் முணுமுணுத்தார். பிறகு பியானோக் கட்டைகளை மூடும் பலகைமேல் தன் சாவிக்கொத்தையும் மூக்குக்கண்ணாடியையும் வைக்கப் பழகிக்கொண்டார். வாசிக்க உட்காரும்போதெல்லாம் அவற்றை எடுத்துவிட்டுத்தான் அவள் பலகையைத் திறக்க வேண்டும்.

வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அம்மா ஓர் இசைப்பள்ளியில் தரை துடைத்தாள். ஈரத்தரையில் மகள் கால் பட்டுவிடக் கூடாதே என்று அவளைத் தூக்கிப் பியானோ முன்னால் உட்கார வைத்துவிடுவாள். தரை காய அரைமணி நேரம் ஆகும். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? அப்படி அரைமணி அரைமணியாக எட்டு வருஷம் கற்றுக்கொண்டாள்.

இப்போது வயது நாற்பத்து நாலு. வேலை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது. அது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து ஓங்கி ஓர் உதறு, ஓர் இழுப்பு, இரண்டு எட்டு முன்னால் வந்து மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி பின்னால். நடுவில் யார் கண்ணிலாவது அழுக்கு பட்டால் "கறை!" என்று கத்தி, விரிப்பைப் பக்கத்துக் கூடைக்குள் வீசிவிட வேண்டும். யோசிக்கக்கூடாது, விவாதிக்கக்கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

அவளுக்குப் பதினொரு வருஷமாக எதிரே நிற்பவள் நெட்டை அக்கா. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் அல்ல. வெள்ளைத்துணியில் கடுகளவு கறையைப் பத்தடி தூரத்திலிருந்து பிடித்துவிடுவாள். மனதில் பட்டதை வாய் மறைக்காது. தங்கமான மனுஷி. ஆனால் இவள் தானே எழுதிப் பியானோவில் பாடுகிற பாட்டைக் கேட்டால் தூங்கிவிடுவாள்.

முதல் ஆல்பம் வெளியானபோது நூலகக்கூடத்தில் இருபது பேர் முன்னால் பாடினாள். மூன்றாவது பாட்டில் முன்வரிசையிலிருந்து அக்காவின் குறட்டை கிளம்பியது. இரண்டாவது ஆல்பத்துக்கு அக்கா இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தாள். அப்படியும் தப்பவில்லை.

"கோவிச்சுக்காதடி. உன் பாட்டு அவ்வளவு இதமா இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் அக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

இதமாம்! கணவரோடு போட்ட பெரிய சண்டையைப் பற்றிய பாட்டு அது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. அவள் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

மூன்றாவது ஆல்பத்தைத் தொடங்கும்போது கணவரிடம் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் அக்கா தூங்கினா, பியானோவை மூடிடறேன். அப்புறம் உங்க சாவியை யாரும் எடுக்க மாட்டாங்க." விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை தாளம் வேண்டும் என்று ஒலிப்பதிவுக்காரர் ஒரு டிரம்காரரை வரவழைத்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் பியானோ ஒரு பக்கம் போனால் டிரம் ஒரு பக்கம் போயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப்போல. இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள், தனக்கு எப்படிப்பட்ட அடி வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரியாமல் எழுந்து கையை ஆட்டிக் காட்டினாள். உதறு, இழுப்பு, இரண்டு எட்டு. டிரம்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"வேலையில."

மறுநாள் எட்டு விரிப்புகளோடும் அக்காவோடும் வந்தாள். அக்கா ஒலிப்பதிவு அறையைச் சுற்றிப் பார்த்து, "இவ்வளவு பஞ்சு ஒட்டியிருக்கீங்களே, சுவருக்குக் குளிருதா?" என்றாள். மடிக்கத் தொடங்கினார்கள். சத்தமே வரவில்லை. "நல்லாக் காஞ்ச துணி எப்படிச் சத்தம் போடும்? தண்ணி தெளி" என்றாள் அக்கா. தெளித்தார்கள். படார்! ஒலிப்பதிவுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். படார், சரக், தொம் தொம். மூன்றாவது விரிப்பில் டிரம்காரர் மெல்லச் சேர்ந்துகொண்டார். ஆறாவது விரிப்பில் அறையே குலுங்கியது. இதுதான், இதுதான் என்று அவள் மனசு துள்ளியது. ஏழாவது விரிப்பில் அக்கா தொண்டை கிழியக் கத்தினாள்.

"கறை!"

விரிப்பு பறந்துபோய் மைக்கின்மேல் விழுந்தது. மைக் கீழே சாய்ந்தது. ஒலிப்பதிவுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பின்ன? கறையோட மடிக்கச் சொல்றீங்களா?" என்றாள் அக்கா. ஆனால் சாய்ந்த மைக்கைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "என்னால கெட்டுப்போச்சாடி?"

மறுபடி ஐந்து தடவை மடித்துப் பார்த்தார்கள். முதல் தடவையின் உயிர் எதிலும் வரவில்லை. முதலாவதையே வைத்துக்கொண்டு, அதன்மேல் பியானோ வாசித்துப் பாடினாள். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும், மேற்பார்வையாளர் சம்மதத்தோடு சலவைக்கூடத்து ஒலிபெருக்கியில் ஆல்பத்தைப் போட்டார்கள். வயிறு நிறைந்த நேரம், உலர்த்தும் இயந்திரங்களின் கதகதப்பு. தூக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் பாட்டு தொடங்கியது. அக்கா கண்ணை மூடினாள்.

இவள் எதிரே விரிப்பின் மூலைகளைப் பிடித்தபடி நின்றாள். அவ்வளவுதான், பியானோவை மூடிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

அப்போது அவள் கையிலிருந்த விரிப்பு சட்டென்று இழுபட்டது. கண்ணை மூடியபடியே அக்கா உதறினாள். இழுத்தாள். இரண்டு எட்டு முன்னால் வந்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் அதே அடிக்கு மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் இடுப்பு லேசாக ஆடியது. பதினொரு வருஷத்தில் அவள் பார்த்திராத ஆட்டம். அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கி கத்தியது: "கறை!"

அக்கா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, பால்போன்ற விரிப்பைக் கூடைக்குள் வீசி எறிந்தாள்.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா கூடையைப் பார்த்தாள், ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! அது என் குரல்டி!"

"ஆமாக்கா. நீங்க கெடுத்தது."

"மறுபடி போடு. இதுல எங்கடி தூங்குறது?"

அவள் மறுபடி போடச் சொன்னாள். ஓரமாகப் போய்க் கணவருக்குப் போன் செய்தாள். பின்னால் பாட்டு மறுபடி ஓடியது, இந்த முறை "கறை!" என்று முப்பது பேர் சேர்ந்து கத்தினார்கள்.

"அக்கா தூங்கல. பியானோ மேல இருக்கிற சாவியை எடுங்க."

அந்தப் பக்கம் எதையோ உருட்டித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார். "காலையிலேயே எடுத்துட்டேன். எங்க வச்சேன்னுதான் தெரியல."