கிறிஸ்துமஸ் கோழியும் ஒரு கேள்வியும்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் பாய் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவரும் அப்பாவும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷிப்ட். ஒருவர் சைக்கிள் பஞ்சரானால் மற்றவர் சைக்கிளில் இருவரும் போவார்கள். அவர் மகளும் நானும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிடுவார்கள். அவர்கள் முறைப்படி அறுக்காத கறியை அவர்கள் தொடமாட்டார்கள் என்பதால், காலையில் கோழியைக் கடைத்தெருவுக்குத் தூக்கிப் போவேன். கறிக்கடைக்காரர் பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுப்பார். பாய் மாமா சாப்பிட உட்கார்ந்ததும், “கடையிலதானே அறுத்தது?” என்று ஒரு தடவை கேட்பார். அப்பா ஆமாம் என்பார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் துறையூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பக்தி அதிகம், பொறுமை கொஞ்சம் குறைவு.

“ஆறு வருஷமா பக்கத்துல இருக்கீங்க, ஆண்டவரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களாண்ணே? இன்னைக்கு நான் சொல்றேன் பாருங்க.”

“அவரா கேக்கட்டும்டா,” என்றார் அப்பா.

ஆராதனை முடிந்து வந்து நான் கோழியோடு கிளம்பினேன். கொல்லைக் குழாயடியில் சித்தப்பா மறித்தார். “கோழி அறுக்கக்கூட நமக்கு ஆள் வேணுமா? கொண்டா இங்க.” நான் கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. “குழம்புல கெடக்குற கோழி வாயத் தொறந்து சொல்லப்போவுதா? நீயும் தொறக்காத,” என்று என் கையில் இரண்டு அச்சு முறுக்கை வைத்தார். ஒன்றைத் தின்றேன். மற்றது இறங்கவில்லை, பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மத்தியானம் பாயில் வரிசையாக உட்கார்ந்தோம். பாய் மாமா வழக்கம்போலக் கேட்டார். அப்பாவும் வழக்கம்போல, “ஆமா பாய், எப்பவும் போலதான்,” என்றார்.

பைபிளை மடியில் வைத்திருந்த சித்தப்பா தொண்டையைச் செருமினார். “எங்க ஆண்டவர் வாயில ஒரு பொய் வந்ததில்ல பாய், தெரியுமா?”

“சொல்லுங்க தம்பி,” என்றார் பாய் மாமா மரியாதையாக.

பக்கத்தில் என் பெஞ்சுக் கூட்டாளி கறித்துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “சாப்பிடாதடி, அது கடையில அறுக்கல. சித்தப்பா அறுத்தது.”

அவள் கறித்துண்டை இலையிலேயே போட்டாள். சித்தப்பா பைபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து கைகூப்பினார்.

“என் வாயாலயே பொய் சொல்ல வச்சுட்டாங்க பாய். மன்னிச்சிடுங்க.”

பிறகு எல்லா இலைகளையும் அவரே எடுத்தார், எங்களுடையதையும் சேர்த்து. அம்மா வேறு இலை போட்டு, வேறு சோறு வடித்து, மோரும் எலுமிச்சை ஊறுகாயும் பரிமாறினாள். எங்கள் தெருவிலேயே அந்தக் கிறிஸ்துமஸுக்கு மோர்சோறு சாப்பிட்டது நாங்கள் இரண்டு வீடாகத்தான் இருக்கும். எல்லாம் என் வாயால் கெட்டது என்று நான் விசும்பிக்கொண்டே சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்த பாய் மாமா போகாமல் உட்கார்ந்தார். “ஈஸா நபி பொறந்தத உங்க வேதத்துல எப்படிச் சொல்லியிருக்கு? படிங்க, கேப்போம்.” சித்தப்பா வேகமாகப் பைபிளைத் திறந்தார். “நீங்க இல்ல தம்பி, அண்ணன் படிக்கட்டும்,” என்றார் பாய் மாமா.

அப்பா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி, மாட்டுத்தொழுவம் வரைக்கும் படித்தார். “எங்க வேதத்துல மர்யம் அம்மாவுக்குப் பேரீச்ச மரத்தடியில,” என்றார் பாய் மாமாவின் மனைவி. “அப்படியா, அதையும் சொல்லுங்க தங்கச்சி,” என்று அப்பா கேட்டுக்கொண்டார். சண்டை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர்கள் கடைசிவரை அவர்கள் மார்க்கத்திலேயே இருந்தார்கள். நாங்களும் கர்த்தரை விடவில்லை. ஆனால் அந்த வாசிப்பு அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸிலும் நிற்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட பாய் மாமா என் தலையில் கை வைத்து அப்பாவிடம் சொன்னார்: “அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க அறுத்ததுன்னு நான் கேக்க மாட்டேன்.”

அவர் போனபின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். கோழிக்குழம்பு போன துக்கம் என்று நினைத்துக்கொண்டு, பாவாடை மடிப்பிலிருந்த அச்சு முறுக்கை எடுத்து அவர் கையில் வைத்தேன்.