அம்மா வேஷம் யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் வாயனசாலை ஹாலில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. முன்வரிசையில் ஒருவருக்குப் புரையேறி, தண்ணீர் கொண்டுவர ஆட்கள் ஓடினார்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவன். பதினெட்டு வருஷமாக இந்தப் பத்திரிகையில், இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருப்பவன். அடுத்தவர்களைக் காட்டிச் சிரிக்கவைத்தே பழகியவன். என்னைக் காட்டி இன்னொருவர் சிரிக்கவைத்தது இதுதான் முதல் தடவை.

யார் அந்த இன்னொருவர்? இங்கே நான் எழுதி எழுதி உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவள்தான். 'அம்மணி'. என் மனைவி.

தெரிந்தவள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. கேரளத்தில் ஊருக்கு ஊர் ஒரு படிப்பகம் உண்டு. அதற்குத்தான் வாயனசாலை என்று பெயர். எங்கள் வாயனசாலையில் பெயர்ப்பலகை மலையாளம், அலமாரியில் பாதி தமிழ். ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் ஒரு நாடகம் போடுவார்கள். இந்த வருஷம் நடிக்க ஆள் கிடைக்கவில்லை. செக்ரட்டரி சுகுமாரன் மாஷ் (மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார்) எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரே, நாடகம் இல்லெங்கில் ஆண்டு விழாக்கு யாரு வரும்?"

டீச்சர் என்றது என் மனைவியை. முப்பது வருஷம் அங்கன்வாடி டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் கஞ்சி குடித்துவிட்டு, அவள் விரித்த பாயில் தூங்கி எழுந்தவர்கள்தான்.

"நடிக்கத்தான மாஷே ஆள் இல்ல? ஆள் வராமயே ஊர்ல எல்லாத்தையும் நடிக்க வெச்சுக் காட்டட்டுங்களா?" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் டிவியில் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. வெளிநாட்டுக் குடும்பக் காமெடி, பேச்சு மட்டும் தமிழில். பட்டன் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அப்பா — காலையில் தவறாமல் பஸ்ஸைத் தவறவிடுவார், சாயங்காலம் தவறாமல் பேப்பர் படிப்பார். கரண்டியும் கையுமாகக் கத்துகிற அம்மா. சுருட்டு முதலாளி. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரி. ஒரு வாத்து. எங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து பார்ப்பாள். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்ப்பாள். மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும், அந்தத் தொடர் எங்கே ஓடினாலும் அம்மா விட்டதில்லை.

அதை நிஜ மனுஷர்களை வைத்து எடுத்தால் நம்மூரில் யாருக்கு என்ன வேஷம்? இதுதான் அவள் யோசனை. போன லீவில் வந்த மகள் அம்மாவின் போனில் ஓர் ஏஐ ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆளுடைய போட்டோவைக் கொடுத்து, எப்படி வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும். படம் வரைந்து தந்துவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். 'ஏஐயும் அம்மணியும்' என்று இந்தப் பக்கத்துக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் எனக்கு நல்ல தீனி. பக்கத்து வீட்டுக்காரி வேஷத்துக்கு எங்கள் பால் சொசைட்டி அக்காவைத் தேர்ந்தெடுத்து, "கேரளாக் கிராமத்துல வேலிமேல எட்டிப் பாக்கற பொம்பள" என்று போனிடம் சொன்னாள். வந்தது படம். அந்த அக்கா ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலையில் படகில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு யானை.

"நம்மூர்ல ஏதுங்க படகு? வாய்க்கால்லயே முழங்கால் தண்ணிதான்!"

"தமிழ்நாடுன்னு போட்டுப் பாரு" என்றேன், உதவி செய்கிற மாதிரி.

போட்டாள். தலை நிறைய மல்லிகைப் பூவோடு, கோபுரத்துக்கு முன்னால் நின்று அந்த அக்கா பரதநாட்டியம் ஆடினார்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இது புதிதா என்ன? அந்தப் பக்கம் போனால் மலையாளத்தான் என்பார்கள், இந்தப் பக்கம் வந்தால் தமிழன் என்பார்கள். மெஷினும் அதையேதான் சொன்னது. அவள் விடவில்லை. மாநிலத்தின் பெயரையே தூக்கிவிட்டாள். கரிசல் மண், தென்னை மட்டை வேலி, நைட்டிமேல் ஒரு துண்டு, கையில் பால் கேன்... ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நாலாம் நாள் எங்கள் பால் சொசைட்டி அக்கா அப்படியே வந்து நின்றார்.

அடுத்த சிக்கல் விரல்.

முதலாளி வேஷம் கிட்டுசாமிக்கு. வேலந்தாவளம் சந்தையில் மாட்டு புரோக்கர். அந்த மீசைக்குச் சுருட்டு தானாகப் பொருந்திவிட்டது. ஆனால் வலது கையில் ஏழு விரல்! மறுபடி வரைந்தால் ஆறு. அதற்கு மறுபடி, நாலு. எங்கள் எருமையைப் பார்க்க வந்த கிட்டுசாமி போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, எனக்கு என்னத்துக்குங்க ஏழு வெரலு? இந்தக் கைய வெச்சுப் பேசுனா ஒரு மாடு விக்க முடியாதுங்க."

"அது கேக்க மாட்டேங்குதுங்க."

"அட, இதுக்குப் போயி! துண்டப் போடுங்க. நாங்க எந்தக் காலத்துலீங்க கைய வெளிய காட்டி யாவாரம் பண்ணியிருக்கறோம்?"

உண்மைதானே? மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். கிட்டுசாமி கைமேல் பச்சைத் துண்டு விழுந்தது. ஏழு விரலும் போன இடம் தெரியவில்லை. படமும் பிரமாதம். அன்றிலிருந்து யார் கை சரியாக வரவில்லையோ அங்கே ஒரு துண்டு, ஒரு முறம், ஒரு வாழை இலை. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத் தோன்றாத வைத்தியம்!

எல்லா வேஷமும் நிரம்பிவிட்டது. அப்பாவும் அம்மாவும் மட்டும் பாக்கி.

"அம்மா யாரு? நீதானே?" என்று கேட்டேன்.

போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "என்னையத்தான் நீங்க எப்பவோ கார்ட்டூனாக்கிப் போட்டீங்களே. இன்னும் ஒருக்காலு என்னத்துக்குங்க?"

ஏன் அப்படிச் சொன்னாள் என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அம்மணி வந்த முதல் வாரமே பூரிக்கட்டையோடுதான் வந்தாள். நீங்கள் ரசித்தீர்கள். நான் கட்டையைக் கீழே வைக்கவிடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் வாசகர் குடும்பம் ஒன்று எங்களைக் கண்டுபிடித்துவிட்டது. சமையல்கட்டுக்கு ஓடிப்போய் நிஜமாகவே ஒரு பூரிக்கட்டையை வாங்கி வந்து அவள் கையில் திணித்தார்கள். "சார் மண்டைமேல ஓங்கற மாதிரி நில்லுங்கம்மா!"

நின்றாள். சிரித்துக்கொண்டே நின்றாள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் தலையைக் குனிந்து காட்டினேன்.

திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏனுங்க, நம்மூட்ல பூரி தேய்க்கறது யாருங்க?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அதுவரை நான் எழுதியதை முதலில் படிப்பவள் அவள்தான். "இந்த எடத்துல இழுக்குதுங்க" என்பாள், வெட்டுவேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பத்திரிகை வரும், சமையல் குறிப்பைக் கிழித்து வைத்துக்கொள்வாள், என் பக்கத்தைத் திருப்ப மாட்டாள். அதைக் கவனிக்கவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று. கவனித்த பிறகும் காரணம் கேட்கவில்லை. தெரிந்த காரணத்தை யாராவது கேட்பார்களா? ஆறு வருஷம் ஓடிவிட்டது. லட்சம் பேர் படித்தாலும் வீட்டில் இருக்கிற அந்த ஒருத்தி படிக்கவில்லை என்பது... முள் மாதிரி. நடக்கும்போதெல்லாம் குத்தும்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். "அந்தச் செவுத்தோரமா நில்லுங்க. போட்டோ வேணும்."

அப்பா வேஷம்! வேறு யாருக்குக் கொடுப்பாள்? ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றேன்.

"சிரிக்காதீங்க. கோவமாப் பாருங்க. இன்னுங் கொஞ்சம். கையத் தூக்குங்க."

"அப்பா எதுக்குக் கையைத் தூக்கணும்?"

"பஸ்ஸ நிறுத்தறாருங்க."

நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்து வழிந்தது. விளக்கை அணைத்துத் திரையில் படம் ஓடியது. மைக்கில் அவள் பேசினாள். பால் சொசைட்டி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தபோது விசில் பறந்தது. முதலாளி கிட்டுசாமிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். வாத்து வேஷம் சுகுமாரன் மாஷுக்கு! "எண்டே டீச்சரே!" என்று மாஷ் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அடுத்தது, அப்பா" என்றாள். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

திரையில் ஈஸிசேர். ஸ்டூல்மேல் நீட்டிய கால். நெற்றிமேல் ஏற்றிய கண்ணாடி. விரித்த பேப்பர். பேப்பருக்கு மேலே தெரிந்த முகம்... என் மனைவி.

"அம்மா" என்றாள்.

கொண்டை. ஏப்ரன். கோபமான முகம். ஓங்கிய கையில் பூரிக்கட்டை. நான்.

அதற்குத்தான் அந்த இருநூறு பேரும் சிரித்தது. சிரிப்பு அடங்க அவள் காத்திருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"எல்லாத்துக் கைமேலயும் துண்டு போட்டேனுங்க. சார் கைக்கு மட்டும் போடலீங்க. அஞ்சு வெரலும் சரியா வர்றதுக்கு நாலு நாளாச்சு. எழுதற கையுங்க. தெளிவாத் தெரியோணும்."

முதலில் நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது வேறென்ன செய்வது? அப்போதுதான் உறைத்தது. பொள்ளாச்சியில் அவள் சிரித்தது இந்தச் சிரிப்புத்தான்.

"சாரே, ரெண்டு வாக்கு" என்று, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மாஷ் மைக்கை நீட்டினார். ஏறினேன்.

"படம் சரியா வந்திருக்கு. பொய் இல்லை. எங்க வீட்டில் பூரி தேய்க்கிறது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து நான்தான். டீச்சர் தேய்த்தால் வட்டமா வராது. அம்மணி ஏடிஎம் கார்டை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள்னு எழுதினேனே? வைத்தது நான்."

பின்வரிசையிலிருந்து கிட்டுசாமி குரல்: "அப்ப அந்தக் கல்யாண ஊடு மாறிப் போயி உண்டுட்டு வந்தது?"

"நான்!"

"எருமக் கன்னப் புடிக்கப் போயி சாணிக் குழியில உழுந்தது?"

"அதுவும் நான்தான்!"

ஒவ்வொரு 'நானு'க்கும் கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. பதினெட்டு வருஷத்தில் நான் செய்த கூத்தையெல்லாம் அவள் தலையில் கட்டியிருக்கிறேன். ஏன்? இங்கிலீஷ் புரொபசர் சாணிக் குழியில் விழுந்தார் என்று எழுத எனக்கு வெட்கம். பெண்டாட்டி விழுந்தாள் என்றால் சுலபம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் ஆள் மாற்றிப் போட்டிருந்தேன். அவள் திரையில் அதைச் சரிசெய்துவிட்டாள்... அவ்வளவுதான்.

"தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ" என்றேன், மைக்கிலேயே.

அவள் பட்டனை அழுத்தினாள். கடைசிப் படம். வெறும் எழுத்து: 'ஆள் தேர்வு, இயக்கம் — மரகதம்.'

"மரகதமா? அதாருங்க?" என்று ஹாலில் பாதிப் பேர் கேட்டார்கள். ஊருக்கு அவள் டீச்சர். உங்களுக்கு அம்மணி. பெயரை யார் சொல்லிக் கொடுத்தோம்?

"அட, நம்ம டீச்சரம்மாளுங்க!" என்று கிட்டுசாமி கத்தினார். பிறகு நடந்ததை எழுத எனக்கு ஆசை. மொத்த ஹாலும் எழுந்து நின்றது. துண்டைச் சுழற்றினார்கள். விசில். மாஷ் வாத்து மாதிரியே நடந்து வந்து பொன்னாடை போர்த்தினார். அறுபத்தாறு வயதில், மேடையில், முதல் தடவையாக அவள் பெயரை மைக்கில் சொன்னார்கள். கூட்டம் கலைவதற்குள் பக்கத்து ஊர் வாயனசாலைக்காரர்கள் மூன்று பேர் வந்து, "எங்களுக்கும் ஒண்ணு பண்ணித் தாங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் ஒரு ஓரமாக நின்று பொன்னாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த வேஷம்கூட எனக்கு நன்றாகத்தான் பொருந்தியது.

இதையெல்லாம் எழுதி முடித்து, நேற்றுக் காலை அவள் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பூரிக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது தாள்கள் இருந்தன, பேனா மூடி திறந்திருந்தது.

ஆறு வருஷத்துக்குப் பிறகு முழுக்கப் படித்திருக்கிறாள். இரண்டு இடத்தில் இழுத்ததை வெட்டியிருக்கிறாள். கடைசியில், 'மரகதம் என்னை மன்னித்துவிட்டாள்' என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் குறித்திருக்கிறாள்:

'யோசிச்சுச் சொல்றேன்.'