கத்தரிக்காய் நிற ராஜ்யம்

கணினி விளையாட்டுக்கு நாடு வடிவமைப்பவரின் வேலைநேரத்தில் பாதி, நாட்டைக் கட்டுவதில் போகும். மீதி, அது ஏன் விழுந்தது என்று மற்றவர்களுக்குப் பதில் சொல்வதில் போகும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் புனேயில், அவுந்த் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் இந்த வேலை பார்த்தேன். அதற்கு முன்பு பத்திரிகைகளின் சிறுவர் பகுதிகளுக்கு வரலாற்றுக் கட்டுரைகளும் வினாடி வினாவும் எழுதிக்கொண்டிருந்தவள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சரித்திரம் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள்.

விளையாட்டு இதுதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய இந்திய வரைபடம் திரையில் இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். ஆடுபவர் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் அரசராக இருந்து நூறு வருடம் ஓட்ட வேண்டும். வரி, படை, பயிர், நட்பு, பகை எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நாடுகளைக் கணினி நடத்தும். எனக்குத் தரப்பட்ட நாடு தஞ்சாவூர். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், தஞ்சாவூரில் எனக்கு உறவுக்காரர்கூடக் கிடையாது. ஆனால் தமிழ் பேசும் மக்களை மராத்தி பேசும் அரசர் ஆண்ட நாடு அது. புனேயில் குடியிருக்கும் தமிழச்சியைத் தவிர வேறு யாரிடம் அதைக் கொடுப்பது என்று எங்கள் தலைமை வடிவமைப்பாளர் குல்கர்ணி முடிவு செய்துவிட்டார்.

நீங்கள் செய்த வேலை வேண்டுமா, வேண்டாமா என்று நாலு பேர் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

மிச்சமிருந்த நிறம்

முதல் சண்டை நிறத்தில் வந்தது. கணினி நடத்தும் நாடுகளுக்கெல்லாம் மூளை எழுதிய நிரலாளர் மந்தார், புனேயின் சதாசிவ பேட்டையைச் சேர்ந்த மராத்தியர். "ராஜா எங்க ஆளு. அப்ப நிறமும் எங்க காவிதான்" என்றார். ஆனால் காவி ஏற்கெனவே மராட்டிய நாட்டுக்கு. பக்கத்துப் பக்கத்தில் இல்லாவிட்டாலும், ஒரே நிறத்தில் இரண்டு நாடு இருந்தால் ஆடுகிறவர் இரண்டையும் ஒன்று என்றுதான் நினைப்பார். நான் நெற்பயிரின் பச்சை கேட்டேன். அதை ஏற்கெனவே ஹைதராபாத்துக்குக் கொடுத்திருந்தார்கள். நீலம் கேட்டேன், அது கடலுக்கு.

ஓவியர் கீர்த்தனா புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா ராணுவக் கணக்குப் பிரிவு. வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிறவள் என்பதால், என்னைப் பார்த்தால் விடாமல் தமிழில்தான் பேசுவாள். வண்ணப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, வாங்கி கலர் ஒண்ணுதான் பச்சா இருக்கு, மிச்சமா. அதான், நம்ம கத்தரிக்கா கலர். யாருக்குமே வேணாமாம், ஸோ யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

கொடுக்கக் கொடுக்க

நிறத்துக்காக யாரும் வரவில்லை. நெல்லுக்காக வந்தார்கள்.

முதல் சோதனை ஓட்டத்தில் தஞ்சாவூர் சில வருடங்கள் தாக்குப்பிடித்தது. பிறகு மதுரை விழுங்கியது. படை போதவில்லை என்று நினைத்து, படைக்குச் செலவழிக்கப் பணம் வரட்டும் என்று காவிரிப் பாசனத்தின் விளைச்சலை உயர்த்தினேன். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் விழுந்தது, மைசூரிடம். இன்னும் உயர்த்தினேன். ஆட்டம் தொடங்கி நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஆற்காடு உள்ளே இருந்தது.

ஒவ்வொரு தடவையும் கத்தரிக்காய் நிறம் திரையிலிருந்து மறையும். நான் விளைச்சலைக் கூட்டுவேன். கடைசியில் மந்தார் தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். பணம் நிறைய இருந்து படை குறைவாக இருக்கிற நாடு எது என்றுதான் கணினி அரசர்கள் முதலில் தேடுவார்கள் என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "அக்கா, நீங்க நாட்டுக்குப் பலம் சேர்க்கல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு விருந்து சமைச்சு, வாசக்கதவையும் திறந்து வச்சிருக்கீங்க."

தலைகீழாக அச்சிட்ட விடை

ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை இம்ரானுடையது. கோந்த்வாவிலிருந்து பைக்கில் வருவார். மழைக்காலத்தில் வந்ததும் முதல் வேலையாகச் சாக்ஸைக் கழற்றி மானிட்டர் மேல் காயப் போடுவார். எல்லோரையும் போல என்னை அக்கா என்பார். அந்த மரியாதை என்னோடு நின்றுவிடும், என் ராஜ்யத்துக்குக் கிடையாது.

ஆட்டத்தின் நடுவே அரசரிடம் கேள்விகள் வரும். வெள்ளத்தில் கரை உடைந்தது, என்ன செய்வீர்கள்? ஒன்று, உடனே சரிசெய்வேன். இரண்டு, கவனிக்க மாட்டேன். இப்படி நிறையக் கேள்விகளைப் பொறுமையாக எழுதிச் சேர்த்திருந்தேன். சிறுவர் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சரியான விடை உண்டு. அதைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுவோம். அந்தப் பழக்கம் கைவிரலிலேயே ஊறியிருந்தது. இம்ரான் ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல் முதல் விடையை மட்டும் அழுத்திக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் அதுவே சரியான விடையாக இருந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்: "உங்க ராஜா ரொம்ப நல்ல பையன் அக்கா. அவருக்கு நான் எதுக்கு?"

டீ விதி

கணபதி உற்சவம் முடிந்ததும் விளையாட்டை வெளியீட்டாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நாடுகள் அதிகமாக இருப்பதால் கணினி திணறுகிறது, ஒன்றிரண்டைக் குறைக்கலாம் என்று மந்தார் சொன்னார். எதைக் குறைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

குல்கர்ணி குரலை உயர்த்தாதவர். தஞ்சாவூர் நிற்காவிட்டால் அந்த நிலத்தை மதுரையோடு சேர்த்துவிடலாம், ஆடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏழு மாத வேலை என்பதல்ல விஷயம். வரைபடத்தில் அந்த இடத்தைக் கிளிக் செய்தால் ஒரு பெயர் வர வேண்டும், அந்தப் பெயரில் ஒருவர் ஆட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். வியாழக்கிழமைகளில் எங்கள் பக்கம் மின்சாரம் இருக்காது. ஆகவே கடைசிச் சோதனை, ஒப்படைப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்றார். அளவுகோலையும் சொன்னார்: "நாடு தோத்துப் போகட்டும், பரவாயில்ல. தோத்தவன் மறுபடி அதையே ஆரம்பிச்சா நாடு இருக்கும். எழுந்து டீ குடிக்கப் போய் அதோட விட்டுட்டான்னா, இருக்காது."

கப்பம்

உண்மையான தஞ்சாவூர் எப்படித்தான் பிழைத்தது? மறுபடியும் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். எல்லையில் யார் படையோடு நின்றாலும், ஏதோ கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே 'கப்பம் கட்டு' என்று ஒரு பொத்தான் வைத்தேன். சரித்திரத்தின்படி மிகச் சரி.

இம்ரான் முதலில் அதைத் தொடவே இல்லை. விரலைப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்துவிடுவார். ஒரு தடவை தோற்ற பிறகு அழுத்தினார். மதுரைக்குக் கட்டினார், மைசூருக்குக் கட்டினார், ஆற்காட்டுக்கும் கட்டினார். தஞ்சாவூர் முப்பது வருடம் ஓடியது. நான் மனசுக்குள் பாயசம் வைத்துவிட்டேன். இம்ரான் எழுந்து சோம்பல் முறித்தார். "உயிரோடதான் இருக்கேன் அக்கா. எதுக்குன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

முதல் லாரி

என் வீட்டுக்காரர் சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லோக்கல் ரயிலில் வீடு வந்து சேர்ந்ததும், காப்பிக்கு முன்பே அவரிடமிருந்து கேள்வி வரும்: "என்ன, இன்னைக்கு உன் நாடு இருக்கா, போச்சா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தொழிற்சாலையிடம் மராத்தியில், "உங்க லாரிதான் முதல்ல கிளம்புது, கவலைப்படாதீங்க." பத்து நிமிடம் கழித்து இன்னொரு தொழிற்சாலையிடம் ஹிந்தியில் அதே வாக்கியம். பிறகு மூன்றாவது ஆளிடம், கொஞ்சம் சிரிப்பும் சேர்த்து. நான் கீரை ஆய்ந்துகொண்டே, ஏன் இப்படி என்று கேட்டேன். அப்படிச் சொன்னால் சரக்கு வரும்வரை மூன்று பேரும் இவரைத் திட்ட மாட்டார்களாம். இடையில் வேறு யாராவது அந்தச் சரக்கைக் கேட்டு நெருக்கினால், "அது எங்களுக்கு ஒதுக்கினது" என்று மூன்று பேரும் இவருக்காகச் சண்டை போடுவார்களாம். நாளைக்கு ஒரு லாரி சரக்குதானே இருக்கிறது, அப்போது என்ன செய்வீர்கள் என்றேன்.

"அது நாளைக்கு உள்ள பிரச்சினைல்லா" என்றார்.

மந்தாரின் நிபந்தனை

திங்கட்கிழமை காலை கப்பப் பொத்தானை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வாக்குறுதி: "இந்த வருட அறுவடை உங்களுக்குத்தான்." வாக்குறுதி பெற்ற அண்டை நாடு அறுவடைவரை தாக்காது. வேறு யாராவது தஞ்சாவூரைத் தாக்க வந்தால், தன் நெல்லைக் காப்பாற்றத் தானே படையோடு வந்து நிற்கும். ஒரே அறுவடையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். கொடுப்பது மட்டும் ஒருவருக்குத்தான். ஏமாந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இதில் சரியான விடை என்று எதுவுமே இல்லை. எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கணினி அரசர்களுக்கு இதைப் புரியவைக்க மந்தார்தான் நிரல் எழுத வேண்டும். நாட்டை எடுக்கச் சொன்னவரிடமே போய் நாட்டைக் காப்பாற்ற உதவி கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு வடாபாவ் வாங்கிக்கொண்டு போனேன். அவர் முழுவதும் கேட்டார், வடாபாவையும் முழுவதும் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதறேன் அக்கா. ஆனா இது வேலைக்காகாதுன்னு நிரூபிக்கத்தான் எழுதறேன், அத மனசுல வச்சுக்கோங்க."

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை இம்ரான் உட்கார்ந்தார். பின்னால் குல்கர்ணியும் மந்தாரும் கீர்த்தனாவும் நின்றார்கள். நான் என் இடத்திலேயே இருந்து, வேறு வேலை பார்ப்பது போலப் பார்த்தேன்.

முதல் வருடம் மதுரைக்கு வாக்குக் கொடுத்தார். கொஞ்சம் யோசித்து மைசூருக்கும் கொடுத்தார். ஆற்காட்டின் படை எல்லையைத் தாண்டியது. வடக்கே போய் அதை மடக்கியது மைசூர். "அரே, என் நெல்லுக்கு இவன் அடிபடறான்" என்று இம்ரான் நாற்காலியில் நிமிர்ந்தார். அறுவடையை மைசூருக்குக் கொடுத்தார். மதுரை முறைத்தது. அடுத்த வருடம் உனக்கு முதலில் என்று சமாதானம் சொன்னார். அதற்கு அடுத்த வருடத்தை ஆற்காட்டுக்குச் சொன்னார். வருடங்கள் ஓடின. யாரிடம் எதைச் சொன்னோம் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். கீர்த்தனா, "மைசூர் மைசூர், அவனுக்கு இன்னும் குடுக்கல" என்று பின்னாலிருந்து நினைவுபடுத்தினாள். பிறகு ஒரு தை மாதத்தில், ஏமாந்த மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பி வந்தார்கள். கத்தரிக்காய் நிறம் சுருங்கி, ஒரு பொட்டாகி, போய்விட்டது.

இம்ரான் மவுஸைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து டீ குடிக்கப் போனார்.

குல்கர்ணி என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், அதனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். நான் மேசையில் இருந்த பேனாக்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். மதுரையோடு சேர்த்தால் எந்தெந்த ஊர்ப் பெயர்களை மாற்ற வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. மந்தார் அதில் உட்கார்ந்திருந்தார். "ஆற்காட்டுக்கு அந்த வருஷம் சொல்லியிருக்கவே கூடாது. மதுரைய இன்னும் ஒரு வருஷம் இழுத்திருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வரைபடத்தில் தஞ்சாவூரைத் தேடிக் கிளிக் செய்தார். பெயர் வந்தது. ஆட்டம் தொடங்கியது. அவர் இரண்டாவது வாக்குறுதியைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கையில் டீ டம்ளரோடு, அதில் ஒரு வாய்கூடக் குடிக்காமல், இம்ரான் வாசலில் நின்றார்.

"எந்திரி மந்தார். அது என் நாடு."

ஒரு நாடு நிலைத்திருக்க வெற்றி பெற வேண்டியதில்லை, அதன் நாற்காலிக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் போதும் என்பதே இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே சரித்திரம்.